உங்களுக்குச் சரிவருகிற தெரபிஸ்ட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பேச்சு வழியாக மனநலச் சிகிச்சை தருகிற தெரபிஸ்ட்டைத் தேடும்போது பெரும்பாலானோர் பார்ப்பது மூன்று விஷயங்களை: என்ன படித்திருக்கிறார், எத்தனை வருட அனுபவம், பேச்சு இதமாக இருக்கிறதா. மூன்றும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் மூன்றும் சரியாக அமைந்து, மாதக்கணக்கில் போய்வந்த பிறகும், "நல்ல மனுஷர்தான், ஆனா எனக்கு ஒண்ணும் மாறல" என்று சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

தெரபியால் யாருக்குப் பலன் கிடைக்கிறது என்று தேடிய ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பத் தட்டுப்படுவது, தெரபிஸ்ட்டுக்கும் வருபவருக்கும் நடுவே உருவாகிற கூட்டுறவு. 2018-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு 295 ஆய்வுகளை, 30,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்தது. கூட்டுறவு நன்றாக இருந்த இடங்களில் பலனும் கூடியிருந்தது. தொடர்பு மிதமானதுதான், ஆனால் முறை எதுவாக இருந்தாலும் தென்பட்டது. இந்தக் கூட்டுறவில் என்னென்ன அடக்கம் என்று உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-லேயே பிரித்துச் சொல்லியிருக்கிறார்: எங்கே போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. நாம் வழக்கமாக மூன்றாவதை மட்டும் பார்த்துவிட்டு, பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

என் வாதம் இதுதான்: "நீங்க சொல்றது எனக்குச் சரியா வரலையே" என்று யாரிடம் முகத்துக்கு நேரே சொல்ல முடிகிறதோ, சொன்ன பிறகும் யாரோடு வேலை தொடர்கிறதோ, அவர்தான் உங்களுக்குப் பொருந்துகிற தெரபிஸ்ட். கீழே உள்ள படிகள் எல்லாம் அப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்கும், பிடித்த பிறகு சோதித்துப் பார்ப்பதற்கும்தான்.

அதற்கு முன் ஒன்று. தற்கொலை எண்ணம் வருகிறது, உங்களையே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றுகிறது, யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது, நாட்கணக்கில் தூக்கமே இல்லாமல் மனம் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடுகிறது என்றால், இந்த வழிகாட்டி இப்போதைக்கு வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ, மனநல மருத்துவரிடமோ இன்றே போங்கள். இல்லையென்றால் நீங்கள் இருக்கும் இடத்து நெருக்கடி உதவி எண்ணை அழையுங்கள். கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். பொருத்தம் பார்ப்பதெல்லாம் அப்புறம்.

படி 1: எதற்காகப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

"டிப்ரஷன்", "ஆங்ஸைட்டி" என்று மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் எல்லோருமே பொருந்துவதுபோல் தெரியும். காரணம், எல்லோருடைய அறிமுகக் குறிப்பிலும் அந்த இரண்டு சொற்களும் இருக்கும். ஒரு தாளை எடுத்து, என்ன நடக்கிறது, எப்போதிருந்து, அதனால் எது கெட்டுப்போயிருக்கிறது, எது மாறினால் பரவாயில்லை என்று தோன்றும் என்று ஐந்தாறு வரி எழுதுங்கள். உதாரணமாக:

"ஞாயிறு சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிசைகிறது. மேனேஜரிடமிருந்து மெசேஜ் வந்தால் அதைத் திறக்கவே அரைமணி நேரம் ஆகிறது. போன வருஷம் புது டீமுக்கு மாறியதிலிருந்து இப்படித்தான். இரண்டு தடவை லீவு போட்டுவிட்டுப் படுத்தே கிடந்தேன். மீட்டிங்கில் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டு, அன்று ராத்திரி அதையே நினைத்துப் புரளாமல் தூங்க முடிந்தால் போதும்."

இதில் நோயின் பெயர் எதுவும் இல்லை. ஆனாலும் எங்கே தொடங்கலாம் என்பது இதைப் படிக்கிற தெரபிஸ்ட்டுக்குப் புரியும். கடைசி வரிதான் இதில் முக்கியம். "சந்தோஷமாக இருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தால், அது நடந்ததா இல்லையா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது.

அதே தாளின் ஓரத்தில் வேண்டாதவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். "எடுத்த எடுப்பில் 'அப்பாவை மன்னிச்சிடுங்க'ன்னு சொல்லக் கூடாது", "நான் பேசப் பேச வெறுமனே தலையாட்டிக்கொண்டு இருக்கக் கூடாது" என்கிற மாதிரி. ஏற்கெனவே தெரபிக்குப் போய்ப் பாதியில் விட்டவர் என்றால் இந்தப் பட்டியல் தானாக வந்துவிடும்.

இன்னொன்று: உடம்பையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, பி12 குறைபாடு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, வேறு எதற்கோ சாப்பிடுகிற சில மாத்திரைகள் என்று எல்லாமே மனச்சோர்வு மாதிரி வேஷம் போடக்கூடியவை. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுகிற விஷயத்துக்குச் சிறுவயது நினைவுகளைக் கிளற வேண்டியதில்லை.

படி 2: யார் யார், என்னென்ன செய்வார்கள்

சைக்கியாட்ரிஸ்ட், அதாவது மனநல மருத்துவர், மருத்துவம் படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். சிலர் தெரபியும் செய்வார்கள், ஆனால் பெரும்பாலானோருக்கு அதற்கு நேரம் இருக்காது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உளவியலில் உயர்கல்வியோடு மருத்துவச் சூழலில் பயிற்சி பெற்றவர். உளவியல் சோதனைகளும் தெரபியும் இவர் வேலை. கவுன்சிலர், மனநல சமூகப் பணியாளர் ஆகியோரிலும் மிகத் திறமையான தெரபிஸ்ட்டுகள் உண்டு. லைஃப் கோச் என்பது வேறு. பல இடங்களில் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். வேலையில் ஒரு இலக்கை எட்டவோ, பழக்கத்தை மாற்றவோ உதவலாம். மனநோய்க்கு அவர் ஆள் இல்லை.

"தெரபிஸ்ட்", "கவுன்சிலர்" என்ற பட்டங்களுக்குச் சில நாடுகளில் சட்டப் பாதுகாப்பு உண்டு, சிலவற்றில் இல்லை. அதனால் பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். எந்த அமைப்பில் பதிவு செய்திருக்கிறார், பதிவு எண் என்ன என்று கேளுங்கள். பிறகு அந்த அமைப்பின் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். இதைக் கேட்டதற்கு ஒருவர் முகம் சுளித்தால் அவரோடு மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

படி 3: முறை முக்கியமா?

சில பிரச்சினைகளுக்கு ரொம்பவே முக்கியம், சிலவற்றுக்கு அவ்வளவாக இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நிறைய நேரம் வீணாகிறது.

மிதமான மனச்சோர்வு என்றால் முறையைப் பற்றி அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்குகிற சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, உறவுகளை மையமாக வைக்கிற ஐபிடி, விட்டுப்போன வேலைகளை மெல்ல மீண்டும் செய்யவைக்கிற நடத்தையைத் தூண்டும் முறை, மனதின் ஆழத்து முரண்களையும் பழைய உறவுகளையும் பார்க்கிற குறுகிய காலத்து சைக்கோடைனமிக் தெரபி என்று பலவும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தருகின்றன. வெவ்வேறு முறைகளுக்கு இடையே பெரிய வித்தியாசம் இல்லை என்ற வாதத்தை உளவியலாளர் சால் ரோசன்ஸ்வைக் 1936-லேயே முன்வைத்துவிட்டார். அந்த விவாதம் இன்றுவரை ஓயவில்லை.

ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் துரத்த, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிற கோளாறு என்றால் நிலைமை வேறு. இதற்கு நன்றாக நிரூபணமான முறை, பயத்தைத் தூண்டுவதை எதிர்கொண்டு, வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழகுவது. ஈஆர்பி என்பார்கள். இங்கே வெறும் அன்பான, ஆறுதல் சொல்கிற தெரபிஸ்ட் கெடுதலாகக்கூட முடியலாம். "கதவைப் பூட்டினேனா?" என்ற சந்தேகத்தோடு வருபவரிடம் ஒவ்வொரு வாரமும் "கண்டிப்பாகப் பூட்டியிருப்பீங்க, கவலைப்படாதீங்க" என்று சொல்வது, வீட்டுக்குப் போய் இன்னொரு தடவை பூட்டை இழுத்துப் பார்ப்பதைப் போலத்தான். அந்த ஆறுதலே சடங்காகிவிடும்.

விபத்து, வன்முறை போன்ற அதிர்ச்சிகளுக்குப் பிறகு நீடிக்கிற பிடிஎஸ்டி என்ற பாதிப்புக்கு, அதிர்ச்சியை மையமாக வைத்த சிபிடியோ, அந்த நினைவையும் தவிர்க்கிற சூழல்களையும் படிப்படியாக எதிர்கொள்ளவைக்கிற, எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளல் முறையோ, அந்த நினைவை மனதில் வைத்துக்கொண்டு கண்ணை இருபுறமும் அசைக்கவைக்கிற, ஃபிரான்சின் ஷாப்பிரோ 1980-களின் கடைசியில் அறிமுகப்படுத்திய இஎம்டிஆரோ தெரிந்தவராகப் பாருங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம், கட்டுக்கு அடங்காத உணர்ச்சி அலைகள் என்றால் உணர்ச்சிகளைக் கையாளும் திறன்களைக் கற்றுத்தருகிற, மார்ஷா லினஹன் வடிவமைத்த டிபிடி. நாள்பட்ட தூக்கமின்மைக்கு, மாத்திரைக்கு முன்பே முயல வேண்டியதாகப் பரிந்துரைக்கப்படுவது தூக்கத்துக்கென்றே இருக்கிற சிபிடி. பேனிக் அட்டாக், குறிப்பிட்ட பயங்கள் ஆகியவற்றுக்கும் எதிர்கொள்ளும் பயிற்சி தெரிந்த ஆள் வேண்டும்.

தம்பதிகளுக்கு: இருவரையும் ஒரே அறையில் வைத்து வேலை செய்வது தனிப் பயிற்சி. தனிநபர் தெரபியில் கைதேர்ந்தவர் இதிலும் தேறியவராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. உங்களில் ஒருவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் தெரபிஸ்ட்டையே இருவருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளாதீர்கள். மற்றவர் முதல் நாளே விருந்தாளி மாதிரிதான் உட்கார்ந்திருப்பார்.

படி 4: ஐந்தாறு பெயர்ப் பட்டியல்

குடும்ப மருத்துவரிடம் கேட்கலாம். தொழில்முறை அமைப்புகளின் தேடுபட்டியல்களைப் பார்க்கலாம். பல்கலைக்கழகங்களின் பயிற்சி மையங்கள் உண்டு. அங்கே பயிற்சியில் இருப்பவர்கள் அனுபவசாலியின் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் பார்ப்பார்கள். பயிற்சியில் இருப்பவர் என்று ஒதுக்க வேண்டாம். உங்கள் விஷயத்தை வாராவாரம் இரண்டு தலைகள் யோசிக்கின்றன. சில சமயம் அது மூத்தவர் ஒருவர் தனியாகப் பார்ப்பதைவிட நல்லது.

அறிமுகக் குறிப்பைப் படிக்கும்போது ஒரு சின்ன வடிகட்டி: சிறப்புப் பிரிவு என்று இருபது விஷயம் போட்டிருந்தால் எதுவுமே சிறப்பு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். தான் யாரோடு வேலை செய்கிறேன், எப்படிச் செய்கிறேன் என்று நாலு வரி தெளிவாக எழுதியிருப்பவரை மேலே வையுங்கள். நட்சத்திர மதிப்பீடுகளுக்குப் பெரிய மதிப்பு கொடுக்க வேண்டாம். தற்போது தன்னிடம் வருகிறவர்களிடம் பாராட்டுரை கேட்டு வாங்கக் கூடாது என்பது அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறையிலேயே இருக்கிறது. ஒழுங்காக நடந்துகொள்பவருக்குப் பாராட்டு குறைவாக இருப்பது இயல்புதான்.

ஆணா பெண்ணா, வயது, மதம், சமூகப் பின்னணி, எந்த மொழியில் பேசுவது என்பதிலெல்லாம் உங்களுக்கு விருப்பம் இருந்தால் வெட்கப்படாமல் அதன்படியே தேடுங்கள். தன் இனத்தைச் சேர்ந்த தெரபிஸ்ட் வேண்டும் என்ற விருப்பம் மக்களிடம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அப்படி அமைந்ததால் பலன் கூடியதா என்று 2011-ல் ஒரு தொகுப்பாய்வு பார்த்தபோது, சராசரியில் வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. அதனால் இதைத் தொடக்கத்துக்கு உதவுகிற வசதியாக எடுத்துக்கொள்ளுங்கள், உத்தரவாதமாக அல்ல. மொழி மட்டும் கொஞ்சம் வேறு விஷயம். கோபம் வந்தால் எந்த மொழியில் திட்டுகிறீர்களோ அந்த மொழி தெரிந்தவர் கிடைத்தால் பாதி வேலை சுலபம்.

நண்பர் போகிற அதே தெரபிஸ்ட்டிடம் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். நெருங்கிய நண்பர் என்றால் வேண்டாம். நாளைக்கு அந்த நண்பரைப் பற்றியே நீங்கள் பேச வேண்டி வரலாம். அதற்குப் பதில், தன் தெரபிஸ்ட்டிடம் வேறு இரண்டு பெயர்களைக் கேட்டுச் சொல்லும்படி நண்பரிடம் சொல்லுங்கள்.

ஆன்லைனா நேரிலா? பெரும்பாலான பதற்றம், மனச்சோர்வுக்கு வீடியோ வழித் தெரபியும் நன்றாக வேலை செய்கிறது. நெருக்கடி நிலை, தீவிரமான உணவுக் கோளாறு, வீட்டில் கதவைச் சாத்திப் பேசத் தனி இடம் இல்லாதது, இவையெல்லாம் நேரில் போகக் காரணங்கள்.

படி 5: பதினைந்து நிமிட போன் பேச்சு

பட்டியலில் இருப்பவர்களில் இரண்டு மூன்று பேரிடம் முதலில் சின்னதாகப் பேச முடியுமா என்று கேளுங்கள். பலர் இதற்குக் கட்டணம் வாங்க மாட்டார்கள். கட்டணம், ரத்து செய்தால் என்ன விதி, எந்த நேரம் காலி, செஷன் எவ்வளவு நேரம் (வழக்கமாக 45 முதல் 50 நிமிடம்) என்பதையெல்லாம் முதலிலேயே முடித்துவிடுங்கள். கட்டணத்தை எத்தனை மாதம் தாங்க முடியும் என்று கணக்குப் போடாமல் தொடங்கினால், வேலை சூடுபிடிக்கிற நேரத்தில் நிறுத்த வேண்டி வரும்.

பிறகு உங்கள் தாளில் இருக்கும் வரிகளைப் படித்துக் காட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி: "இதுக்கு நீங்க எப்படி வேலை செய்வீங்க?" கை கழுவிக்கொண்டே இருக்கிற ஓசிடிக்கு இந்தக் கேள்வியைக் கேட்டதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் சொல்கிறார்:

"கவலையே படாதீங்க, எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். நெகட்டிவ் எண்ணத்தையெல்லாம் பாசிட்டிவா மாத்திடலாம்."

இன்னொருவர் சொல்கிறார்:

"முதல் ரெண்டு மூணு செஷன்ல, எதெல்லாம் பயத்தைக் கிளப்புது, அதுக்கு நீங்க என்ன செய்றீங்கன்னு பட்டியல் போடுவோம். அப்புறம் சின்னதா இருக்கிறதுல இருந்து ஆரம்பிச்சு, கை கழுவாம அந்தப் பதற்றத்தோடயே இருந்து பார்க்கப் பழகுவோம். கஷ்டமாத்தான் இருக்கும். நீங்க ஒத்துக்காத எதையும் செய்ய மாட்டோம்."

முதலாமவர் பேச்சு கேட்க இதமாக இருக்கும். இரண்டாமவர் பேச்சில் ஒரு திட்டம் இருக்கிறது, கஷ்டம் எங்கே வரும் என்ற எச்சரிக்கை இருக்கிறது, உங்கள் சம்மதத்துக்கு இடம் இருக்கிறது.

நேரம் இருந்தால் இன்னும் இரண்டு கேட்கலாம். "முன்னேற்றம் இருக்கா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?" என்பது ஒன்று. "உங்களால உதவ முடியலைன்னா என்ன செய்வீங்க?" என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்விக்கு "அப்படி ஆனதே இல்லை" என்று பதில் வந்தால் நான் போனை மரியாதையாக வைத்துவிடுவேன். 2012-ல் வெளியான ஒரு ஆய்வில் 129 மனநல நிபுணர்களிடம் உங்கள் திறமையை மற்றவர்களோடு ஒப்பிட்டு மதிப்பிடுங்கள் என்றார்கள். சராசரிக்குக் கீழே என்று ஒருவர்கூடத் தன்னைச் சொல்லவில்லை.

படி 6: முதல் செஷன்

முதல் செஷன் பெரும்பாலும் விவரம் சேகரிப்பதில் போய்விடும்: குடும்பம், உடல்நிலை, தூக்கம், மது, முந்தைய சிகிச்சை, தற்கொலை எண்ணம் உண்டா என்று வரிசையாகக் கேட்பார்கள். "இவர் என்ன, போலீஸ் மாதிரி விசாரிக்கிறாரே" என்று தோன்றினாலும் அதை வைத்து முடிவு எடுக்க வேண்டாம். ரகசியம் காப்பது பற்றியும், எப்போது காக்க முடியாது என்பது பற்றியும் அவராகவே சொல்ல வேண்டும். உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைகள் மீதான வன்முறை, நீதிமன்ற உத்தரவு என்று அந்த விதிவிலக்குகள் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். அவர் சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். கேட்காமல் விட்டால், எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று மனதுக்குள் தணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும்.

வெளியே வரும்போது களைப்பாக, அழுது முடித்த மாதிரி, கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கலாம். அது கெட்ட அறிகுறி இல்லை. ரொம்ப நன்றாக இருந்தது, மனம் லேசாகிவிட்டது என்பதும் தனியாக நல்ல அறிகுறி இல்லை. யாரிடமாவது கொட்டினாலே லேசாகிவிடும். வீட்டுக்குப் போவதற்குள் வேறு மூன்று விஷயங்களைக் குறித்துவையுங்கள். நான் சொன்னதை அவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொன்னபோது அது நான் சொன்னதாக இருந்ததா? அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று ஏதாவது தெரிந்ததா? எதையாவது சொல்ல வாயெடுத்துவிட்டு விழுங்கினேனா, ஏன்?

மூன்றாவது கேள்விக்கு எல்லோரிடமும் ஏதாவது ஒரு பதில் இருக்கும். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படிக்கு வேண்டும்.

படி 7: மாறுபட்டுப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். மூன்றாவது நான்காவது செஷனுக்குள், உங்களுக்கு உண்மையிலேயே ஒட்டாத ஏதாவது ஒரு விஷயத்தை அவரிடம் சொல்லுங்கள். வேண்டுமென்று சண்டை இழுக்கச் சொல்லவில்லை. ஒட்டாத விஷயம் எப்படியும் ஒன்று இருக்கும், அதை மறைக்காமல் விட்டாலே போதும்.

நாம் மறைக்கத்தான் செய்வோம். 2016-ல் வெளியான ஒரு ஆய்வில், தெரபிக்குப் போன 547 பேரில் 93 சதவீதம் பேர் தெரபிஸ்ட்டிடம் ஏதோ ஒரு விஷயத்தில் பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டார்கள். தெரபி உதவுவதுபோல் காட்டிக்கொண்டது, அவர் சொன்னது பிடித்த மாதிரி நடித்தது எல்லாம் அதில் உண்டு. மறுபக்கம், தெரபிஸ்ட்டாலும் இதைக் கண்டுபிடிக்க முடிவதில்லை. 2005-ல் வெளியான ஒரு ஆய்வில் 550 பேரில் யார் யாருக்கு நிலைமை மோசமாகும் என்று தெரபிஸ்ட்டுகளைக் கணிக்கச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது 3 பேர். உண்மையில் மோசமானது 40 பேருக்கு. ஒருவர் நடிக்கிறார், இன்னொருவருக்குத் தெரியவில்லை என்றால் அந்த அறையில் எல்லாம் சுமுகமாகவே போய்க்கொண்டிருக்கும்.

எப்படிச் சொல்வது? நீட்டி முழக்க வேண்டாம். இப்படி:

"போன வாரம் டைரி எழுதச் சொன்னீங்க இல்ல... உண்மையைச் சொன்னா எனக்கு அது ஒட்டவே இல்ல. ரெண்டு நாள் எழுதிட்டு விட்டுட்டேன்."

இதற்கு மூன்று விதமாகப் பதில் வரலாம். "நீங்க முழு மனசோட முயற்சி பண்ணல, மாறணும்னு ஆசை இருந்தா செய்வீங்க" என்பது ஒன்று. பழி முழுக்க உங்கள் மேல். "அப்படியா, சரி, விட்டுடலாம்" என்பது இன்னொன்று. பெருந்தன்மையாகத் தெரியும், ஆனால் ஏன் கொடுத்தார் என்றே தெரியாத ஒன்றை ஏன் எடுத்தார் என்றும் தெரியாமல் போகும். மூன்றாவது: "சொன்னது நல்லதாப் போச்சு. எந்த இடத்துல ஒட்டல? எழுதுறதே சிரமமா, இல்ல எழுதினதை நான் படிப்பேங்கிறது உறுத்துதா?"

மூன்றாவது பதில் சொன்னவரிடம் இருங்கள். அவர் சொன்ன வேலை பலிக்கவில்லை, ஆனால் அது ஏன் பலிக்கவில்லை என்பதே இப்போது வேலையாகிவிட்டது. உறவில் விழுகிற இப்படிப்பட்ட விரிசல்களையும் அவற்றைச் சேர்ந்து சரிசெய்வதையும் உளவியலாளர்கள் ஜெரமி சாஃப்ரான், கிறிஸ்டோபர் முரான் ஆகிய இருவரும் நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். விரிசல் விழுந்து அதைப் பேசிச் சரிசெய்த இடங்களில் பலன் நன்றாக இருப்பதை அந்த ஆய்வுத் தடம் காட்டுகிறது. வெளியே அலுவலகத்திலோ வீட்டிலோ "இல்லை" என்று சொல்ல முடியாததுதான் உங்கள் பிரச்சினை என்றால், இந்த ஐந்து நிமிடமே சிகிச்சைதான்.

முதல் வகைப் பதில் வந்தாலும் உடனே எழுந்து வர வேண்டாம். அவருக்கும் மோசமான நாள் இருக்கும். அடுத்த வாரம் அதைப் பற்றியே இன்னொரு தடவை பேசிப் பாருங்கள். இரண்டாவது தடவையும் அதே பதில் என்றால் விஷயம் தெரிந்துவிட்டது.

நேரில் சொல்ல வாய் வரவில்லையா? எழுதிக் கொடுங்கள், மெசேஜ் அனுப்புங்கள். அதையும்விடச் சுலபமான வழி, செஷன் மதிப்பீட்டு அளவுகோல் என்ற சின்னப் படிவம். நாலே கோடுகள்: என்னைக் கேட்டுப் புரிந்துகொண்டாரா, நான் பேச விரும்பியதைப் பேசினோமா, முறை எனக்குப் பொருந்துகிறதா, மொத்தத்தில் இன்று எப்படி. ஒவ்வொரு செஷன் முடிவிலும் குறி போட ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைப் பயன்படுத்தலாமா என்று நீங்களே கேட்கலாம்.

படி 8: எத்தனை நாள் பொறுப்பது?

1986-ல் கென்னத் ஹோவர்டும் சகாக்களும் வெளியிட்ட ஒரு புகழ்பெற்ற ஆய்வின்படி, 8 செஷனுக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்கும், 26 செஷனுக்குள் முக்கால்வாசிப் பேருக்கும் அளக்கக்கூடிய முன்னேற்றம் இருந்தது. இது சராசரி. நெடுங்காலக் காயங்களுக்கு இன்னும் நாளாகும். ஆனால் எட்டு செஷன் முடிந்த பிறகும் துளி அசைவுகூட இல்லை என்றால், "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்று தானாக ஓடவிடாமல், இருவரும் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் அது.

அசைவு இருக்கிறதா என்று ஞாபகத்தை மட்டும் நம்பாதீர்கள். மனச்சோர்வுக்குப் பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாள் உண்டு. ஒன்பது கேள்வி, 0 முதல் 27 வரை மதிப்பெண். மாதம் ஒரு முறை போட்டு வாருங்கள். 5 புள்ளி இறங்கினால் கவனிக்கத்தக்க மாற்றம் என்று எடுத்துக்கொள்வார்கள். பதற்றத்துக்கு ஜிஏடி-7 அதே மாதிரி. கூடவே உங்கள் தாளின் கடைசி வரியைப் பாருங்கள்: மெசேஜைத் திறக்க இப்போதும் அரைமணி நேரம் ஆகிறதா?

படி 9: கஷ்டமா, பொருத்தமின்மையா, ஆபத்தா

அதிர்ச்சியைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதும், பயத்தை எதிர்கொள்ளும் பயிற்சியின்போதும் சில வாரம் நிலைமை கூடுதல் கஷ்டமாகத் தோன்றலாம். எதற்காக இந்தக் கஷ்டம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், எந்த வேகத்தில் போவது என்பதில் உங்கள் சொல் எடுபட்டால், தாக்குப்பிடியுங்கள். எதற்கென்றே தெரியாமல் வாராவாரம் பழைய காயத்தைக் கீறிவிட்டு அனுப்புகிறார் என்றால் அது வேறு.

பொருத்தமின்மையின் அடையாளங்கள் சாதுவானவை. போன வாரம் பேசியது அவருக்கு ஞாபகம் இல்லை. அவர் மனம் நோகாமல் இருக்க நீங்கள் விஷயத்தைத் திருத்திச் சொல்கிறீர்கள். செஷன் அரட்டையாகவே முடிகிறது. இவற்றைப் பேசித் தீர்க்கப் பார்க்கலாம்.

பேசாமல் கிளம்ப வேண்டிய விஷயங்களும் உண்டு. எந்த வகையான பாலியல் பேச்சோ தொடுகையோ வந்தால் அன்றே நிறுத்துங்கள். தெரபி முடிந்த பிறகுகூடக் குறைந்தது 2 ஆண்டுகளுக்கு அப்படிப்பட்ட உறவு கூடாது என்கிறது அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை. தன் கல்யாணப் பிரச்சினையை உங்களிடம் கொட்டுவது, கடன் கேட்பது, தொழிலில் கூட்டுச் சேரச் சொல்வது, இன்னொரு கிளையன்ட்டின் கதையை அடையாளம் தெரிகிற மாதிரி சொல்வது, தன் மதத்தை உங்கள் மேல் திணிப்பது, மருத்துவர் எழுதிய மாத்திரையை நிறுத்தச் சொல்வது, ஓரினச்சேர்க்கையை "குணப்படுத்துவதாக" வாக்குக் கொடுப்பது, "என்னைத் தவிர யாராலும் உங்களைச் சரிசெய்ய முடியாது" என்பது, எல்லாம் இந்தக் கணக்குதான். அவர் பதிவு செய்திருக்கும் அமைப்பில் புகார் கொடுக்கலாம். தேதியோடு எழுதிவைத்திருந்தால் உதவும்.

படி 10: விலகுவது

2012-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு 669 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தெரபியைப் பாதியில் விடுகிறார். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதற்கு உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆபத்தான ஆள் என்றால் விளக்கம் சொல்லவே வேண்டாம். மற்றபடி, ஒரு செஷன் கூடப் போய்ச் சொல்லிவிட்டு வருவது உங்களுக்குத்தான் லாபம். எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று தெளிவாகும். அடுத்து யாரைப் பார்க்கலாம் என்று அவரே பெயர் தரலாம். சுருக்கக் குறிப்பு ஒன்றும் கேட்டு வாங்கலாம். நேரில் தயக்கமாக இருந்தால் இந்த அளவு போதும்:

"வணக்கம். இதுவரை செய்த உதவிக்கு நன்றி. நான் எதிர்பார்க்கும் வேலைக்கு இந்த முறை பொருந்தவில்லை என்று நினைக்கிறேன். அதனால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். என் பிரச்சினைக்கு ஏற்ற வேறு யாரையாவது பரிந்துரைக்க முடியுமா? சிகிச்சைக் குறிப்பின் சுருக்கமும் கிடைத்தால் உதவியாக இருக்கும்."

மன்னிப்புக் கேட்க வேண்டாம், காரணத்தை நிரூபிக்கவும் வேண்டாம். தெரபிஸ்ட்டுகளுக்கு இது வாடிக்கையான விஷயம்.

வரிசையாக மூன்று நான்கு பேரை மாற்றிவிட்டீர்கள், எல்லோரையும் கிட்டத்தட்ட அதே இடத்தில் விட்டுவிட்டு வந்தீர்கள் என்றால், அந்த இடம் எது என்று ஒரு நாள் நிதானமாகப் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு பேச்சு நெருங்கும்போதா? அவர் உங்களை ஏதோ ஒன்றில் ஏற்காதபோதா? அதை அடுத்தவரிடம் முதல் போன் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்: "நான் வழக்கமா ஐந்தாவது ஆறாவது செஷன்ல ஓடிப்போயிடுவேன். அப்படி ஏதாவது தெரிஞ்சா நீங்களே கேளுங்க." இதைக் கேட்டதும் பழைய தெரபிஸ்ட்டுகளைக் குறை சொல்ல ஆரம்பிப்பவரைவிட, "கடைசியா ஓடினப்போ அன்னைக்கு என்ன பேசிட்டு இருந்தீங்க?" என்று கேட்பவரிடம் முதல் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள்.